கழுவி வந்த தட்டு

ஏழு மணிக்கு முந்திரி உடைக்கிற ஷெட்டின் வேன் மீன்சுருட்டிக் கடைத்தெருவில் வந்து நின்று இரண்டு தடவை ஆரன் அடிக்கும். மூன்றாவது தடவை அடிக்காது, போய்விடும். அதற்குள் மலர்கொடி சோறு வடித்து, குழம்பு தாளித்து, புருஷன் கண்ணையனுக்கு மூன்றடுக்குக் கேரியர் கட்டி முடித்திருக்க வேண்டும். முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டால் விரல் தோல் வெந்து உரியும். அதற்குத் தடவிக்கொள்ள விளக்கெண்ணெய்ப் பாட்டிலைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டே அவள் ஓடுவதைத் தெருவே பார்க்கும்.

அந்த ஓட்டத்தில் மகள் இலக்கியாவுக்குக் கிடைப்பது ஒரு தம்ளர் டீயும் ஒரு பன்னும். ஏழாம் வகுப்புப் படிக்கிற, வளர்கிற பிள்ளை. புருஷனுக்குக் கட்டுகிற கேரியரில் மூன்று அடுக்கு, பிள்ளைக்கு ஒரு பன்னா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் மலர்கொடியிடம் பதில் தயாராக இருந்தது.

"மத்தியானந்தான் பள்ளிக்கூடத்துல சுடச்சுடப் போடுறாங்களே. டெய்லி முட்ட வேற. அதத் தின்னாப் போதும், புள்ள தெம்பா இருக்கும்."

பதிலில் பிழை இல்லை. ஜெயங்கொண்டத்தில் 'க. இலக்கியா' என்று பெயர் வெட்டி வாங்கிய எவர்சில்வர் தட்டைத் தினமும் அவளே மகளின் பையில் வைத்துவிட்டுத்தான் ஓடுவாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்ததும் பையைத் திறந்து பார்ப்பாள். தட்டு கழுவிச் சுத்தமாக இருக்கும். சில நாள் ஈரம்கூடக் காய்ந்திருக்காது.

"சாப்டியாடி?"

"சாப்டேம்மா."

அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல் இந்தக் கேள்வியும் பதிலும் மாறவே இல்லை.

கண்ணையன் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற ஒரு லாரிக் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தான். கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் ஆனவன். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து சட்டையை உள்ளே விட்டுத்தான் போவான். காலையில் பைக்கில் மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவது அவன் வேலை. நல்ல தகப்பன் என்று தெருவில் பேர்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இறைவணக்கக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த இலக்கியா அப்படியே மடிந்து விழுந்தாள். மலர்கொடி ஷெட்டிலிருந்து கறை படிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"ரத்தம் பன்னெண்டாவது இருக்கணும். ஒங்க பொண்ணுக்கு ஏழு புள்ளி நாலு இருக்கு" என்றார். "மாத்திர தரேன். ஒரு மாசம் நல்ல சாப்பாடும் குடுத்துப் பாப்போம். ஏறலன்னா அட்மிட் பண்ணி ரத்தம் ஏத்த வேண்டி வரும். வயசுக்கு வரப்போற புள்ளைம்மா, வெளையாட்டு இல்ல. என்ன சாப்புடுறா?"

"மத்தியானம் பள்ளிக்கூடத்துல சோறு, சாம்பாரு, காயி, முட்டைங்க. ஒரு நாளும் வுட்டதில்ல."

"காலையில?"

"டீயும் பன்னுங்க."

டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு அவளை ஒரு தடவை பார்த்தார். "காலையில இது பத்தாதும்மா. மத்தியானச் சாப்பாட்டையாவது ஒழுங்கா சாப்ட்டா இவ்ளோ தூரம் எறங்காதே" என்றார்.

இரண்டு விஷயம் சொன்னார் அந்த டாக்டரம்மா. மலர்கொடியின் காதில் ஒன்றுதான் விழுந்தது. நம் எல்லோருக்கும் அப்படித்தான், அடுத்தவன் தப்பு சத்தமாகக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற செல்வம்மாள்தான் பிள்ளையின் சோற்றில் கை வைத்திருக்கிறாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஒரு வருஷமாக ரேஷன் கடையில் பார்த்தால்கூடச் செல்வம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் அந்தத் திருப்பல் என்று இப்போது எல்லாம் பொருந்தி வந்தது.

மறுநாள் ஷெட்டுக்கு மட்டம் போட்டாள். இலக்கியாவை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, சரியாகச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். செல்வம்மாள் சாம்பார் வாளியில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா போவுது எம்புள்ள முட்ட?"

செல்வம்மாள் நிமிர்ந்தாள். "என்ன கேக்குற?"

"எம்புள்ளைக்கு ஒடம்புல ரத்தம் இல்லங்குறாங்க. மயங்கி வுழுந்து கெடக்கா. டெய்லி நீ போட்ட சோத்தத் தின்ன புள்ளைக்கு எப்புடி ரத்தம் இல்லாமப் போவும்? முட்டய யாரு வூட்டுக்குக் கொண்டு போற, சொல்லு. நாலு புள்ளைக்கு முன்னாடியே சொல்லு."

வரிசை அப்படியே நின்றுவிட்டது. செல்வம்மாள் கையிலிருந்த கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது. இருபது வருஷமாக அடுப்புப் புகையில் நிற்கிறவள், ஒரு வார்த்தை இப்படிக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. ஆனால் அழவில்லை.

"சார், அந்தக் கடுதாசிய எடுத்துட்டு வாங்க" என்றாள், சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியரைப் பார்த்து.

தலைமையாசிரியர் சாமிதுரை ஒரு கோப்பைக் கொண்டுவந்து பிரித்தார். "வாங்கம்மா, இதப் படிங்க. போன வருஷம் ஜூன்ல குடுத்தது."

'என் மகள் க. இலக்கியாவுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்து அனுப்புகிறோம். ஆகவே அவளுக்குச் சத்துணவு வேண்டாம் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.' எழுத்து கண்ணையனுடையது. கீழே கையெழுத்து, 'க. மலர்கொடி'.

"எங்கிட்டக் கேக்காம எவனோ போட்ருக்கான்" என்று சொல்ல வாயைத் திறந்தாள் மலர்கொடி. சொல்ல முடியவில்லை. 'டி'யின் வளைவை மேலே இழுத்துச் சுழித்துவிடுவது அவளுக்கே உரிய பழக்கம். அது அவள் கையெழுத்துதான்.

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. ஷெட்டிலிருந்து வந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணையன் இரண்டு மூன்று தாளை நீட்டினான். "இலக்கியாவுக்கு ஸ்காலர்ஷிப் பாரம். இங்கயும் இங்கயும் போடு" என்றான். "என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "ஒம்புள்ளைக்குப் பணம் வரும்னு எழுதியிருக்கு, போடு" என்று சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே போட்டாள்.

எட்டாவது வரை படித்தவள் மலர்கொடி. ஷெட்டில் கைநாட்டு வைக்கிற பெண்களுக்கு நடுவே பேனா பிடித்துக் கையெழுத்துப் போடுகிறவள் என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. அந்தத் தலைக்கனத்தில்தான் புருஷன் மண்ணை அள்ளிப் போட்டிருந்தான். வெளியாள் ஏமாற்றினால் வாயில் வந்ததைத் திட்டிவிட்டுப் போகலாம். கூடப் படுத்து எழுந்திருக்கிறவன், சிரித்துக்கொண்டே ஏமாற்றியிருக்கிறான்.

"ஒங்க வூட்டு வசதி, ஒங்க இஷ்டம். நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க, நான் என்னத்தக் கேக்க?" என்றாள் செல்வம்மாள். "ஆனா மனசு கேக்கல மலரு. நானும் ஒம்புருசனும் ஒண்ணாப்புலேர்ந்து இதே எடத்துல ஒண்ணா தட்டோட நின்னவங்க. ரெண்டாந்தரம் சோறு வாங்க என்னய முன்னாடி தள்ளிவுடுவான். அந்தச் சோத்துல வளந்தவன் வூட்டுலேர்ந்தா இப்புடி ஒரு கடுதாசின்னு நெனச்சேன். அதான் ஒம் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல."

மலர்கொடி அங்கேயே, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். "தெரியாமப் பேசிட்டேன்க்கா." திரும்பி வீட்டுக்கு நடந்தாள். வெயில் தலையில் இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை.

இலக்கியா பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் மலர்கொடி. அடிக்கத்தான் வந்தாள். வெளுத்துப் போன அந்த உள்ளங்கையைப் பார்த்ததும் கை எழவில்லை.

"மத்தியானத்துல என்னடி தின்ன, இவ்ளோ நாளா?"

இலக்கியாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா எறக்கி வுடும்போது இருவது ரூவா குடுப்பாங்க. எதுத்தாப்புலக் கடையில நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி, ஒடச்சு, தூளக் கொட்டிக் குலுக்கித் திம்பேன். ஒரு கலர் சோடா குடிப்பேன். சில நா சிப்ஸு."

"பச்சையாவா?"

"ம்."

"தட்டு ஈரமா இருந்துச்சே. தெனம் நான் பாத்தேனே."

"வூட்டுக்கு வரும்போது பம்புல கழுவிட்டு வருவேன். அப்பாதான் சொன்னாங்க. அம்மா தட்டப் பாக்கும், கழுவி எடுத்துட்டுப் போன்னு."

மலர்கொடி பையிலிருந்து அந்தத் தட்டை உருவினாள். ஒரு பருக்கைச் சோறு படாத தட்டைத் தினம் எடுத்துப் பார்த்து, பிள்ளை வயிறு நிறைந்தது என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து அவளைப் பொம்மையாக்கி வைத்திருக்கிறார்கள்.

"நல்லாருந்துச்சு போல, தின்னுட்டுக் கமுக்கமா இருந்துட்ட."

"மொதல்ல நல்லா இருந்துச்சும்மா. அப்பறம் வயிறு வலிச்சுச்சு. எங்க கிளாஸ்ல எல்லாரும் வட்டமா ஒக்காந்து சாப்புடுவாங்க. நான் மட்டும் கடை வாசல்ல நிப்பேன். நானும் சோறே சாப்புடுறேன்னு அப்பாகிட்ட ரெண்டு தடவ கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. ஒங்கிட்ட சொன்னா சண்ட வரும், சொல்லாதன்னாங்க."

"எங்கிட்ட பொய் சொல்ல ஒனக்கு எப்புடிடி மனசு வந்துச்சு?"

இலக்கியா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அதில் திமிர் இல்லை, ஒரு சலிப்புதான் இருந்தது.

"நான் பொய் சொல்லலம்மா. நீ சாப்டியான்னு கேட்ட. சாப்டேன்னு சொன்னேன். என்ன சாப்டன்னு நீ ஒரு நாளும் கேக்கலயே."

அறை வாங்கியது போல உட்கார்ந்திருந்தாள் மலர்கொடி. செல்வம்மாளிடம் வாய் கிழியச் சண்டை போட்டாள், புருஷன் மேல் கொதித்தாள், எல்லாம் நியாயம். ஆனால் டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்த பார்வை இப்போதுதான் அவளுக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கண்ணையன் வந்தான். ஒரு கையில் மாதுளம்பழம், இன்னொரு கையில் பெரிய டின்னில் சத்துமாவு. "டிவியில காட்டுறாங்களே, அது. தெனம் ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடுத்தா ஒரே மாசத்துல ரத்தம் ஊறுமாம்" என்றான்.

மலர்கொடி டின்னை வாங்கவில்லை. "ஸ்காலர்ஷிப் பணம் வந்துருச்சாங்க?" என்று கேட்டாள்.

"எந்த ஸ்காலர்ஷிப்?"

"எங்கையால கையெழுத்து வாங்குனியே, அது."

பதிமூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் அவனை 'நீ' போட்டுப் பேசியது அன்றுதான். கண்ணையன் டின்னைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. மறுக்க ஒன்றும் இல்லை.

"எங் கவுரவத்துக்காக ஒண்ணும் செய்யல" என்று ஆரம்பித்தான், பிறகு அதையே விட்டுவிட்டான். கவுரவத்துக்காகத்தான் செய்திருந்தான். "ஒரு நா எங்க மேனேஜர் காருல இந்தப் பக்கமா வந்தோம். மத்தியான நேரம். புள்ளைங்க தட்டோட வரிசையில நின்னுச்சுங்க. மேனேஜர் பாத்துட்டு, 'பாவம், சோத்துக்குன்னே வருதுங்க போலருக்கு'ன்னாரு. இலக்கியாவும் அதுல நின்னா. என் வூட்டுப் புள்ள சார்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவுங்க புள்ளையெல்லாம் வேன்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போவுது. அந்த அளவுக்கு எனக்கு வக்கில்ல. தட்டோட நிக்கிறதயாவது நிறுத்துவோம்னு நெனச்சேன். நீ சம்மதிக்க மாட்டன்னு தெரியும்."

"காச குடுத்துட்டா அது சாப்பாடு ஆயிருமா? நான் கட்டுற கேரியர மட்டும் தெனமும் வழிச்சுத் தின்னுட்டுதான வந்த? புள்ள என்னத்தத் தின்னான்னு ஒரு நா யோசிச்சியா?"

உள்ளே பாயில் படுத்திருந்த இலக்கியா எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"நான் அன்னிக்கு ஒங்களப் பாத்தேன்ப்பா" என்றாள்.

கண்ணையன் திரும்பினான்.

"வெள்ளக் காரு. முன்னாடி சீட்டுல ஒக்காந்திருந்தீங்க. எங்கப்பா காருல போறாங்கன்னு எல்லார்கிட்டயும் காட்டுனேன். ஒங்களுக்கும் கையக் காட்டுனேன். நீங்க இந்தப் பக்கம் பாத்தீங்க. அப்பறம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. என்னயத் தெரியலயோன்னு நெனச்சேன்." அவன் முகத்தையே பார்த்தாள். "தெரிஞ்சுதான் இருந்துச்சா?"

கண்ணையன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். லாரிகளுக்கு நடுவே நின்று நாள் முழுக்க அதட்டுகிற ஆள், தோள் குலுங்க அழுதான். மலர்கொடி அவனைத் தேற்றவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், கீரை கடைந்து சோற்றில் பிசைந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் தின்று முடிக்கிற வரைக்கும் பார்த்தாள். அவளுக்கு அப்போது வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் கேரியர் கட்டவில்லை. ஷெட் வேன் இரண்டு தடவை ஆரன் அடித்துவிட்டுப் போனது. மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். இலக்கியா வீட்டில் இரண்டு தோசையும் கடலைச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். மாவு ஆட்டினது கண்ணையன்.

தலைமையாசிரியர் வெள்ளைத்தாள் ஒன்று கொடுத்தார். மகளுக்கு இனிமேல் சத்துணவு வேண்டும் என்று கண்ணையன் எழுதி, பேனாவை மலர்கொடியிடம் நீட்டினான். அவள் பேனாவைத் தொடவில்லை.

"வாய் வுட்டுப் படி. செல்வம்மாக்காவும் கேக்கட்டும்."

கண்ணையன் படித்தான். அவன் முடித்ததும் தாளை வாங்கி மலர்கொடி தானும் ஒரு தடவை முழுக்கப் படித்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். செல்வம்மாள் கண்ணையனை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே விட்ட சட்டை, பாலீஷ் போட்ட ஷூ.

"பெரியாளாயிட்டன்னு நான் பெருமப்பட்டவதான் கண்ணையா" என்றாள். "ஆனா மலரு எல்லாஞ் சொன்னா. நீ வெக்கப்பட்டது ஒம்புள்ளையப் பாத்து இல்ல. அன்னிக்குத் தட்டோட நின்ன என்னயப் பாத்து, ஒன்னயவே பாத்து. சரி வுடு. மத்தியானம் ஒரு வேளைக்கு நான் பொறுப்பு. காலையும் ராத்திரியும் நான் வரமாட்டேன்."

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். கண்ணையன் அன்று வேலைக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் நின்றான். நான்காவது ஆளாக இலக்கியா நின்றாள், பெயர் வெட்டிய தட்டோடு. அவள் இந்தப் பக்கம் திரும்பியபோது கண்ணையன் எல்லோரும் பார்க்கும்படி கையை உயர்த்திக் காட்டினான்.

இலக்கியா அவனைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்வம்மாள் சோற்றைப் போட்டு, மேலே ஒரு முட்டையை வைத்தாள்.

கண்ணையனின் கை மெல்ல இறங்கியது. "இன்னும் கோவமா இருக்கா" என்றான்.

"இருக்கட்டும். எனக்கும் ஆறல" என்றாள் மலர்கொடி. அவள் கண் மகளின் தட்டில்தான் இருந்தது. "ஒம்மேல மட்டும் இல்ல, எம்மேலயும். பள்ளிக்கூடம் பாத்துக்கும்னு நான் இருந்தேன். இருவது ரூவா பாத்துக்கும்னு நீ இருந்த. சோறு யாரு வேணா போடட்டும். புள்ள வயித்துல என்ன போவுதுன்னு தெனம் பாக்க வேண்டியது பெத்தவங்க நாமதான். அந்தப் பொறுப்ப மட்டும் யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது."